நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட் டெரெய்ன் டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

சேற்றில் சிக்கி நின்ற வண்டியின் டயரை ஒருமுறை குனிந்து பார்த்தவருக்கு இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் அப்போதே புரிந்திருக்கும். என் வண்டி முதன்முதலாகச் சிக்கியபோது அதில் இருந்தவை அதிகம் தேயாத, தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர்கள்தான். ஆனால் பட்டன்களுக்கு, அதாவது டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளுக்கு, இடையில் இருந்த பள்ளங்கள் அனைத்தும் களிமண்ணால் அடைபட்டு, டயர் முழுவதும் குயவர் சக்கரத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய மண்பானையைப் போல வழுவழுவென்று இருந்தது. சேற்றில் பிடிப்பைத் தருவது பட்டன் மட்டுமன்று. பட்டன்களுக்கு இடையே உள்ள வெற்றிடமும்தான். டயர் சுழலும்போது அந்த வெற்றிடத்தில் புகுந்த சேறு வெளியே வீசப்பட வேண்டும். அப்போதுதான் அடுத்த சுற்றில் பட்டனின் விளிம்பு மீண்டும் மண்ணைக் கவ்வ முடியும். மட் டெரெய்ன் டயர் இந்த ஒரு வேலைக்காகவே அகலமான பள்ளங்களுடன் உருவாக்கப்படுகிறது.

முதல் படி: உங்களுக்கு அது தேவையா என்று பாருங்கள்

கடந்த சில மாதங்களில் நீங்கள் ஓட்டிய தூரத்தில் எவ்வளவு தார்ச்சாலை, எவ்வளவு சேறு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பள்ளங்கள் அகலமாக இருப்பதால் சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைகிறது. ஈரச்சாலையில் நீரை வெட்டிப் பிடிப்பைத் தரும் மெல்லிய கீறல்களும் இவ்வகை டயரில் குறைவாகவே இருக்கும். ஆகவே மழையில் பிரேக் பிடிக்கும்போது வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடும். இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடும், தேய்மானமும் விரைவாக நிகழும். ஆண்டில் ஓரிரு முறை மட்டும் சேற்றில் இறங்குபவருக்கு நல்ல ஆல் டெரெய்ன் டயரே போதும் என்பது என் உறுதியான கருத்து. மழைச்சாலையில் குடும்பத்துடன் செல்லும்போது கிடைக்கும் பாதுகாப்பு, எப்போதோ ஒருநாள் கிடைக்கும் பிடிப்பைவிடப் பெரிது.

இரண்டாம் படி: எந்தச் சேறு என்று அறியுங்கள்

நீங்கள் வழக்கமாகச் செல்லும் வழியில் ஒரு நீண்ட குச்சியைச் சேற்றில் குத்திப் பாருங்கள். சற்று ஆழத்திலேயே கெட்டியான தரை தட்டுப்பட்டால், குறுகலான டயர் மேல்சேற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கி அந்தத் தரையைப் பிடிக்கும். குச்சி இறங்கிக்கொண்டே போகிறது என்றால், எடையைப் பரப்பி மேலே மிதக்க உதவும் அகலமான டயர் நல்லது. அகலம் கூடினால் எல்லாம் கூடும் என்று எண்ணி வாங்குபவர்கள் பலர்; கெட்டியான அடித்தரை உள்ள சகதியில் அவர்கள் வண்டி மேலேயே வழுக்கிக்கொண்டிருக்கும். மணல்தான் உங்கள் முதன்மையான களம் என்றால் மட் டெரெய்ன் டயரைத் தவிர்ப்பதே நலம். அதன் முரட்டுப் பட்டன்கள் மணலைத் தோண்டிக் குழி பறித்து வண்டியை அதில் இறக்கிவிடும்.

மூன்றாம் படி: அளவைக் கணக்கிடுங்கள்

டயரின் பக்கவாட்டில் 265/70 ஆர்17 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும்; அதாவது 185.5 மி.மீ. ஆர் என்பது ரேடியல் அமைப்பு, 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ரிம்மின் 431.8 மி.மீ.யுடன் மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களைச் சேர்த்தால் மொத்த விட்டம் 802.8 மி.மீ. ஆகிறது.

இதற்குப் பதிலாக 285/70 ஆர்17 பொருத்தினால் விட்டம் 830.8 மி.மீ. ஆகும். 28 மி.மீ. கூடியிருந்தாலும் வண்டியின் அடிப்பகுதி உயர்வது அதில் பாதியான 14 மி.மீ. மட்டுமே. அந்த 14 மி.மீ.க்காக நீங்கள் கொடுப்பது என்னவென்றால், வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி ஏறத்தாழ 103.5 கி.மீ. வேகத்தில் சென்றுகொண்டிருக்கும், கியர் விகிதம் கனத்துவிட்டதைப்போல எஞ்சின் திணறும், பிரேக்குக்கும் வேலை கூடும். முதல்முறை வாங்குபவர்கள் வண்டி உற்பத்தியாளர் கூறிய அளவிலேயே நிற்பது அல்லது ஒரு படி மட்டும் மேலே செல்வது நல்லது. எப்படியாயினும் ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் அழுந்திய நிலையிலும் இதைச் செய்ய வேண்டும். சமதரையில் உரசாத டயர் அங்கே உரசும்.

நான்காம் படி: எடைத்திறனும் வயதும்

அளவையடுத்து 121/118 கியூ என்பது போல ஒரு குறியீடு இருக்கும். 121 என்றால் ஒரு டயர் 1450 கிலோ வரை தாங்கும். இரண்டாம் எண் பின்புறம் இரட்டைச் சக்கரங்கள் உள்ள வண்டிகளுக்கானது. கியூ என்றால் உச்ச வேகம் மணிக்கு 160 கி.மீ. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எடைக்குறியீட்டைவிடக் குறைந்ததை ஒருபோதும் வாங்காதீர்கள். டாட் என்னும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

ஐந்தாம் படி: கையால் தொட்டுப் பாருங்கள்

படங்களை நம்பி வாங்காதீர்கள். பட்டன்களுக்கு இடையே விரலை நுழைத்து, ஓரத்தை நோக்கி இழுங்கள். விரல் தடையின்றி வெளியே வந்தால் சேறும் அவ்வழியே வெளியேறும். பள்ளம் நடுவிலேயே முட்டி நின்றுவிட்டால் சேறும் அங்கேயே தங்கிவிடும். பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் தட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள். அவை கற்கள் சிக்கி ரப்பரைத் துளைக்காமல் வெளியே தள்ளுவதற்கானவை. பின்னர் டயரின் தோள்பட்டையிலிருந்து, அதாவது பட்டன்கள் முடியும் ஓரத்திலிருந்து, பக்கச்சுவருக்கு இறங்கும் முரட்டுக் கட்டைகளைத் தடவிப் பாருங்கள். ஆழமான தடத்தில் வண்டி செல்லும்போது தடத்தின் சுவரைப் பற்றி ஏறுவது அவைதான். பாறையும் உள்ள வழி என்றால் பக்கச்சுவரில் 3 அடுக்கு இழை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் அதற்கு நம்பத்தகுந்த பஞ்சர் வேலை கிடையாது.

ஆறாம் படி: ஐந்தாக வாங்குங்கள்

ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். விட்டம் மாறுபட்ட ஒரு டயருடன் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டினால், எஞ்சினின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும், இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் பழுதாகக்கூடும்.

சேற்றில் இறங்கும் முன் காற்றைக் குறைக்க வேண்டும் என்பதையும் டயருடன் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். டயரின் காற்றழுத்தத்தை 18 முதல் 20 பிஎஸ்ஐ என்ற அளவுக்குக் கொண்டுவந்தால் தரையில் படும் பகுதி நீளும், பட்டன்கள் நெகிழ்ந்து சேற்றை உதறும். 15க்கும் கீழே சென்றால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். குறைந்த காற்றில் மெதுவாகவே ஓட்டுங்கள். சிறிய கம்ப்ரசர் ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டு, தார்ச்சாலையில் ஏறும் முன் காற்றை நிரப்பிவிடுங்கள். அதன் பிறகு ஸ்டீயரிங் நடுங்கினால் டயரின் பேலன்ஸைச் சந்தேகிக்கும் முன், ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் காரணம் இருக்கும்.