ஓ-யூ-ஜி-எச் வரும் ஆங்கிலச் சொற்கள்: எழுத்துக்கூட்டப் பழகும் வழி

‘ரஃப்’ நோட்டு, ‘காஃப்’ சிரப், பேப்பர் ‘டஃப்’பா இருந்தது, நண்பர் ‘த்ரூ’ வேலை கிடைச்சது. இந்த நாலு சொல்லும் தெரியாதவர் நம் ஊரில் குறைவு. ஆனால் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும், ஏனென்றால் நாலும் முடிவது ஓ-யூ-ஜி-எச் என்ற ஒரே நாலெழுத்தில். உச்சரிப்போ மூன்று விதம். எழுத்தைப் பார்த்து ஒலியைக் கண்டுபிடிக்க இங்கே விதி கிடையாது. அதனால் தலைகீழாகப் போவோம்: ஒலி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதை வைத்துக் குழு பிரித்து எழுத்தைப் பிடிப்போம்.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ‘டீ’ என்றால் டேபிளின் முதல் எழுத்து, ‘டி’ என்றால் டாக்டரின் முதல் எழுத்து.

படி 1: கடைசியில் டீ இருக்கிறதா?

இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தக் குழுதான் ஓரளவு சொன்னபடி கேட்கும், அன்றாடம் அதிகம் தேவைப்படுவதும் இதுதான். நாலெழுத்துக்குப் பின் டீ வந்தால் உச்சரிப்பு ‘ஆட்’. சரியாகச் சொன்னால் ஆ-வுக்கும் ஓ-வுக்கும் நடுவில், உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டும். ‘பாட்’டை ‘போட்’ என்று நீட்டினால் படகு ஆகிவிடும்.

பாட்: வாங்கினேன் (பை என்பதன் இறந்தகாலம்)
ப்ராட்: கொண்டுவந்தேன் (ப்ரிங்)
தாட்: நினைத்தேன், எண்ணம் (திங்க்)
ஃபாட்: சண்டையிட்டேன் (ஃபைட்)
ஸாட்: தேடினேன், நாடினேன் (ஸீக்)
ஆட் டு: செய்வதுதான் முறை என்ற பொருளில் வரும் துணைவினை

முதல் இரண்டையும் மாற்றிப் போடுவது ரொம்ப சகஜம். நிகழ்காலச் சொல்லைப் பாருங்கள்: ப்ரிங்கில் ஆர் இருக்கிறது, அதனால் ப்ராட்டிலும் ஆர். பையில் இல்லை, பாட்டிலும் இல்லை.

இன்னொரு குழப்பம் ‘டாட்’ (கற்பித்தேன்), ‘காட்’ (பிடித்தேன்). ஒலி இதே மாதிரிதான், ஆனால் அவற்றில் ஓ-யூ-வுக்குப் பதில் ஏ-யூ. இதற்கும் நிகழ்காலமே வழி காட்டும். டீச், கேட்ச் இரண்டின் எழுத்துகளிலும் ஏ உண்டு. பை, ப்ரிங், திங்க், ஃபைட், ஸீக் எதிலும் இல்லை. ஏ இருந்தால் ஏ-யூ, இல்லாவிட்டால் ஓ-யூ. பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனை சிவப்பு மை மிச்சமாகியிருக்கும்!

அடங்காத பிள்ளை ஒன்று உண்டு: ‘ட்ரவுட்’, வறட்சி. டி-ஆர் போட்டு நாலெழுத்து, பின் டீ. உச்சரிப்பு மட்டும் ‘அவுட்’.

படி 2: ‘ஃப்’ என்று முடிபவை

ரஃப் (கரடுமுரடான), டஃப் (கடினமான), எனஃப் (போதுமான), காஃப் (இருமல்), ட்ராஃப் (மாட்டுத்தொட்டி). முன்னால் ஆர், டீ, ஈ-என், சி, டீ-ஆர் என்று போட்டு நாலெழுத்தைச் சேர்த்தால் முடிந்தது. ட்ராஃப் வானிலை அறிக்கைகளிலும் வரும். காற்றழுத்தம் குறைந்து நீளமாகக் கிடக்கும் பகுதிக்கு அங்கே அந்தப் பெயர்.

எஃப் என்ற எழுத்தே இல்லாமல் ‘ஃப்’ எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் இந்த இடத்தில் தொண்டையில் காற்று உரசும் ஒரு ‘ஹ்’ ஒலி இருந்தது. பிற்பாடு அதை ஜி-எச் என்று எழுதினார்கள். வில்லியம் கேக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சகத்தைக் கொண்டுவந்தார். அச்சில் ஏறிய எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகிப்போனது. வாய்ப்பேச்சு அதற்காகக் காத்திருக்கவில்லை. சில சொற்களில் அந்த ஒலி மறைந்தது, சிலவற்றில் ‘ஃப்’ ஆனது. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது: ‘நினைத்தேன்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘டாஹ்டெ’வில் அதைக் கேட்கலாம்.

படி 3: தோ, த்ரூ, தரோ

இதில்தான் பலரும் வழுக்குவார்கள். மெதுவாகப் போங்கள்.

‘தோ’ என்றால் ‘இருந்தாலும்’. டீ-எச் போட்டு நாலெழுத்து. இதன் தகரம் ‘அது’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய தகரம். முன்னால் ஏ-எல் சேர்த்தால் ‘ஆல்தோ’, கிட்டத்தட்ட அதே பொருள்.

‘த்ரூ’ என்றால் ‘வழியாக’. டீ-எச்-ஆர் போட்டு நாலெழுத்து. நாக்கு நுனியைப் பல்லிடையே வைத்துக் காற்றை மட்டும் விட வேண்டும். காதில் ரகரம் கேட்டால் கையில் ஆர் வர வேண்டும், அவ்வளவுதான்.

‘தரோ’ என்றால் ‘முழுமையான’. டீ-எச்-ஓ-ஆர் போட்டு நாலெழுத்து. பிரிட்டனில் இதன் முடிவு ‘ரா’ போலத் தேய்ந்து ஒலிக்கும், அமெரிக்காவில் ‘ரோ’.

‘டோ’வும் (பிசைந்த மாவு) தோ-வின் இனம்தான், முதலில் டி. அமெரிக்கர்கள் டோனட்டை எழுதும்போது பல நேரம் யூ-ஜி-எச்சைத் தூக்கிவிடுகிறார்கள். ‘சிகாகோ டிரிபியூன்’ நாளிதழ் 1934-இல் த்ரூ, தோ போன்றவற்றைச் சுருக்கி அச்சிடத் தொடங்கியது, 1975-இல் கைவிட்டது. எஸ்.எம்.எஸ்.ஸில் டீ-எச்-ஆர்-யூ என்று தட்டுபவர்களுக்கு முன்னோடி உண்டு, ஆனால் தேர்வுத்தாளில் அந்த வேலை வேண்டாம்.

படி 4: மிச்சம் மீதி

ப்ளவ் (ஏர், உழுதல்), பவ் (மரத்தின் பெரிய கிளை) இரண்டும் ‘அவ்’ ஒலி. விக்கலுக்கு ‘ஹிக்கப்’ என்ற சொல்லை இதே நாலெழுத்தில் முடித்து எழுதுவோரும் உண்டு. இருமலோடு தொடர்பு இருக்கும் என்று யாரோ தப்பாக நினைத்ததால் வந்த வழக்கம் அது. யூ-பி என்று முடித்தாலே போதும். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ‘லஃப்பரா’ என்று ஓர் ஊர். கிரிக்கெட் பார்ப்பவர்கள் அங்கிருக்கும் பயிற்சி மையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரே பெயருக்குள் இந்த நாலெழுத்து இரண்டு முறை வருகிறது, ஒன்று ‘அஃப்’, இன்னொன்று ‘ரா’வின் ஆகாரம்!

படி 5: காதால் கேட்டு எழுதுங்கள்

பக்கத்தை மூடிவிட்டு, வீட்டில் யாரையாவது இந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள்: “ஷீ ப்ராட் டோ, தோ ஐ பாட் எனஃப்.” போதுமான அளவு நான் வாங்கியிருந்தும் அவள் மாவு கொண்டுவந்தாள் என்று பொருள். ஏழு சொல்லில் ஐந்து நம் ஆட்கள். எழுதியதும் ப்ராட்டில் ஆர் இருக்கிறதா, தோ-வில் ஆர் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால், அடுத்து லாஃப் (சிரிப்பு), டாட்டர் (மகள்) போன்ற ஏ-யூ-ஜி-எச் சொற்களுக்குப் போகலாம்.