ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறீர்களா? ஆக்ஸன்ட்டை விடுங்கள், ஸ்பெல்லிங்கைப் பாருங்கள்

கனடாவுக்குப் படிக்க வந்த நம் ஆட்கள் பலருக்கு ஒரு விஷயம் பிஆருக்கு, அதாவது நிரந்தரக் குடியுரிமைக்கு (பெர்மனென்ட் ரெசிடென்ஸ்), விண்ணப்பிக்கப் போகும்போதுதான் தெரிகிறது: லிஸனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்று நான்கு பகுதியுள்ள ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை மறுபடியும் எழுத வேண்டும். பழைய மதிப்பெண் 2 வருடம்தான் செல்லும், அதோடு காலேஜுக்காக எழுதிய அகாடமிக் தேர்வை எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற பிஆர் விண்ணப்ப முறைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஜெனரல் ட்ரெய்னிங் என்ற இன்னொரு வகைத் தேர்வுதான் வேண்டும்.

சரி, எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதல் பயமே ஆக்ஸன்ட்தான். சென்னையில் நான் போன ஒரு கோச்சிங் சென்டரில் அமெரிக்கர்கள் மாதிரி நாக்கைச் சுருட்டிப் பேச ஒரு மாதம் பழக்கினார்கள். தேர்வு அறையில் நாக்கைக் கவனிப்பதிலேயே புத்தி போனது, சொல்ல வந்தது பாதியில் நின்றது, ஸ்பீக்கிங்கில் 9க்கு 6. இங்கே வந்தபிறகு இரண்டாவது முறை, வேலையிடத்தில் தினமும் பேசுகிற அதே இங்கிலீஷில் பேசினேன். 7.5 வந்தது.

ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம். தடையில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்குக்கும் சம பங்கு. அந்த உச்சரிப்பிலும் பார்ப்பது நீங்கள் பேசுவது சிரமமில்லாமல் புரிகிறதா என்பதைத்தான், எந்த ஊர்க்காரர் என்பதை இல்லை. அதனால் நாம் திருத்த வேண்டியது, கேட்பவர் வேறு வார்த்தையாக எடுத்துக்கொள்ளக் கூடிய இடங்களை மட்டும். குடிக்கிற காஃபியும் நகல் எடுக்கிற காப்பியும் நம் வாயில் ஒன்றாகிவிடும். ஃபைல் என்பது பைல் ஆகிவிடும். 'எக்' என்று தொடங்க வேண்டியது 'யெக்' ஆகும், 'புக்' என்று முடிய வேண்டியது 'புக்கு' ஆகும். அப்புறம் அழுத்தம்: ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில், ஃபோட்டோகிராஃபர் என்றால் இரண்டாவது அசையில். நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்வோம், நம் மொழி அப்படி. இதற்குத் தினமும் கொஞ்ச நேரம் உங்கள் பேச்சைப் போனில் பதிவுசெய்து கேட்டாலே போதும்.

ஆக்ஸன்ட் உண்மையில் முக்கியமாவது லிஸனிங்கில், அதுவும் அவர்களுடைய ஆக்ஸன்ட். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியன், நியூசிலாந்து, அமெரிக்கன், கனடியன் எல்லாம் வரும், ஒரே ஒரு முறைதான் ஓடும். பெயரையும் தெருவையும் எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது ஆஸ்திரேலியர் சொல்லும் 'ஏ' நம் காதில் 'ஐ' மாதிரி விழும். அமெரிக்கர் 'இசட்'டை 'ஸீ' என்பார். சைபரை 'ஓ' என்பார்கள், 77 என்பதை 'டபுள் செவன்' என்பார்கள். இதைத் தனியாகப் பழகுங்கள்.

ஸ்பெல்லிங் கடிக்கும் இடமும் இதுதான். பிஆருக்கு மொழித்திறனை அளக்கும் கனடாவின் அளவுகோலான சிஎல்பியில் 9 வேண்டுமென்றால் மற்ற மூன்றிலும் 7 போதும், லிஸனிங்கில் மட்டும் 8 வேண்டும், அதாவது 40 கேள்விகளில் ஏறக்குறைய 35 சரியாக இருக்க வேண்டும். பதில் தெரிந்தும் ஒரு எழுத்து பிசகினால் அந்த மதிப்பெண் போச்சு. கடைசியில் வரும் 'எஸ்' விட்டாலும் அப்படித்தான். தமிழில் 'இரண்டு புத்தகம்' என்றாலே பொருள் வந்துவிடுவதால் நம் கை தானாகவே அந்த 'எஸ்'ஸை விட்டுவிடும். நான் பயிற்சித் தேர்வுகளில் இழந்தது பெரும்பாலும் இப்படித்தான்.

பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கா அமெரிக்கனா என்று கேட்டால், இரண்டையும் ஏற்கிறார்கள். கட்டுரையில் மட்டும் ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு பத்தியில் 'கலர்' என்பதில் 'யு' போட்டுவிட்டு அடுத்த பத்தியில் விடாதீர்கள். கனடாக்காரர்களே கலந்துதான் எழுதுகிறார்கள், 'கலர்' என்பதில் 'யு' இருக்கும், 'சென்டர்' என்பது 'டி-ஆர்-ஈ' என்று முடியும், ஆனால் 'ஆர்கனைஸ்' என்பதில் 'இசட்' வரும். அதைத் தேர்வுக்காக இப்போது புதிதாகக் கற்க வேண்டாம். ஊரில் படித்தது பிரிட்டிஷ் முறைதானே, கைக்குப் பழகியது அதுதான், அதிலேயே எழுதுங்கள். கம்ப்யூட்டரில் எழுதினால் தப்பைக் காட்டும் சிவப்புக் கோடு வராது, அதனால் வீட்டில் பழகும்போதே ஸ்பெல்செக்கை அணைத்துவிடுங்கள்.