‘வாழ்வு ஒரு கனவு’: வாசிக்கும்போது சறுக்கும் இடங்கள்

1636இல் அச்சேறிய, ஸ்பானிய நாடகாசிரியர் கால்தெரோனின் இந்தக் கவிதை நாடகத்தில் எல்லோருக்கும் நினைவில் நிற்பது இரண்டாம் அங்கத்தின் கடைசிப் பேச்சு. வாழ்வு முழுவதும் கனவு, கனவுகளும் கனவுகளே என்கிறான் இளவரசன் செகிஸ்முந்தோ. அதையே நாடகத்தின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு மாயாவாதம் பேசத் தொடங்குவதுதான் முதல் தவறு. இன்னும் ஓர் அங்கம் முழுசாக மிச்சமிருக்கிறது. கனவே ஆனாலும் செய்த நன்மை வீண்போகாது என்று காவலன் க்ளோதால்தோ சொன்னதை அவன் பற்றிக்கொள்வது அதில்தான்.

அடுத்தது, சோதிடம் பலித்ததா பொய்த்ததா என்று மட்டும் கேட்பது. மகன் கொடுங்கோலனாவான், தன்னையே காலடியில் விழவைப்பான் என்று கணித்த போலந்து அரசன் பசிலியோ, குழந்தை செத்துப் பிறந்ததாக அறிவித்துவிட்டு அவனைக் கோபுரத்தில் அடைக்கிறான். பிறகு மயக்க மருந்து கொடுத்து அரண்மனைக்குக் கொண்டுவந்து சோதிக்கிறான். சங்கிலியில் வளர்ந்தவன் ஒரு வேலைக்காரனை மாடத்திலிருந்து தூக்கி எறிய, கணிப்பு சரிதான் என்று முடிவுகட்டும் பசிலியோ, மறுபடி மயக்கிக் கோபுரத்துக்கே அனுப்பி, நடந்ததெல்லாம் கனவு என்று மகனை நம்பவைக்கிறான். சங்கிலியில் வளர்த்தால் வேறென்ன நடக்கும்? கோள்கள் மனத்தைச் சாய்க்கும், கட்டாயப்படுத்தாது என்று சபையில் பேசியதும் இதே பசிலியோதான். கடைசியில் கலக வீரர்கள் இளவரசனை விடுவிக்க, போரில் தோற்ற பசிலியோ மகனின் காலடியில் விழவே செய்கிறான். கணிப்பு அப்படியே பலிக்கிறது. ஆனால் செகிஸ்முந்தோ தந்தையை எழுப்பிவிட்டுத் தானே மண்டியிடுவான் என்பது எந்த நட்சத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை.

தன்னை ஏமாற்றியவனைத் தேடி வரும் ரோசௌராவைக் கிளைக்கதை என்று தாண்டிப் போகாதீர்கள். ஆண் வேடத்தில் குதிரையிலிருந்து விழுந்து நாடகத்தைத் தொடங்கிவைப்பவள் அவள். அரண்மனை நாள் கனவல்ல என்பதற்குச் செகிஸ்முந்தோவுக்குக் கிடைக்கும் சாட்சியும் அவளே. அவள்மேல் அத்தனை ஆசையிருந்தும், அவளை ஏமாற்றிய மாஸ்கோ கோமகன் அஸ்தோல்ஃபோவையே மணக்கச் செய்கிறான். தன்னை வென்றதே பெரிய வெற்றி என்று அவன் சொல்வது இங்கேதான். நமக்கு அந்தக் கல்யாணம் உறுத்தும்; அன்றைய ஸ்பானிய மேடையில் மானம் மீட்கும் வழி அது.

போலந்து வரலாற்றை இதில் தேட வேண்டாம். இதே தலைப்பில் கால்தெரோன் பின்னாளில் எழுதிய ஓரங்கச் சமய நாடகமும் உண்டு; புத்தகம் வாங்கும்போது கவனியுங்கள்.

முடிவை மங்கலம் என்று மூடிவைக்கவும் அவசரப்படாதீர்கள். தன்னை விடுவித்த கலக வீரன் பரிசு கேட்கும்போது செகிஸ்முந்தோ தருவது அதே கோபுரத்தில் ஆயுள் சிறை. இது அரச நீதியா, அப்பனிடமிருந்து வந்த பழக்கமா என்று விமர்சகர்கள் இன்னமும் மோதிக்கொள்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி.