பழைய ஜெர்மானியச் சவரக்கத்தியைச் செய்தவர் யார் என்று கண்டறிவது எப்படி?

பழைய ஜெர்மானிய மடக்குச் சவரக்கத்தி கைக்கு வந்ததும், அலகில் அலங்காரமாகப் பொறித்திருக்கும் பெரிய எழுத்துகளையே தயாரிப்பாளரின் பெயராக எடுத்துக்கொள்வது பலரும் செய்யும் பிழை. அந்த எழுத்துகள் பெரும்பாலும் கத்தியின் வகைப்பெயராகவோ புகழ்மொழியாகவோதான் இருக்கும். 'எக்ஸ்ட்ரா ஹோல்' என்றால் அலகு மிகவும் உட்குழிவாகத் தீட்டப்பட்டது என்றும், 'ஃபூர் ஷ்டார்கன் பார்ட்' என்றால் அடர்ந்த முரட்டுத் தாடிக்கு உரியது என்றும் மட்டுமே பொருள். தேட வேண்டிய இடம், அலகுக்கும் கைப்பிடி ஆணிக்கும் இடையே உள்ள குறுகிய தண்டுப் பகுதி. அதன் இரு பக்கங்களையும் பார்க்க வேண்டும்; ஒரு பக்கத்தில் பெயரும் மறுபக்கத்தில் ஊரோ சின்னமோ இருப்பது வழக்கம்.

தண்டில் துரு படிந்திருந்தால் உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். முத்திரையின் ஆழம் மிகக் குறைவு. ஒருமுறை தேய்த்து அழித்துவிட்டால் அந்தச் சான்று திரும்பாது. அலகின் வெட்டும் விளிம்பில் தடித்த ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டு, எண்ணெய் தோய்த்த மென்துணியால் துடைத்து, உலர்ந்தபின் சுண்ணாம்புக்கட்டித் தூளை விரலால் தடவி, மேலே நிற்பதை மட்டும் வழித்தெடுங்கள். என்னிடம் உள்ள ஒரு கத்தியில் வெறும் கீறல்களாகத் தெரிந்தவை இப்படித் தூள் தடவியதும் பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு மனித உருவங்களாகத் துலங்கின. அது 1731-இல் பதிவான, ஜெர்மானியக் கத்தி நிறுவனமான ஹெங்கெல்ஸின் இரட்டையர் சின்னம். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

எழுத்துகள் தெரிந்தபின் சுருக்கங்களைப் பிரித்தறிய வேண்டும். 'கெப்ர்.' என்பது சகோதரர்கள், 'நாக்ஃப்.' என்பது அந்தத் தொழிலை ஏற்று நடத்திய வாரிசு நிறுவனம், 'கெஸ். கெஷ்.' என்பது சட்டப் பாதுகாப்பு பெற்றது என்ற குறிப்பு. 'டி.ஆர்.ஜி.எம்.' என்பதை நிறுவனத்தின் பெயரெழுத்துகள் என்று எண்ணித் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஜெர்மானியப் பேரரசின் பயன்மாதிரிப் பதிவு, அதாவது சிறு கண்டுபிடிப்புகளுக்கு அளிக்கப்பட்ட சட்டப் பாதுகாப்பு; 1891-க்கு முன் அது கிடையாது.

காலத்தைக் கணிக்க நாட்டின் பெயர் உதவும். இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டைக் குறிப்பது பற்றி 1887-இல் பிரிட்டனும் 1890-இல் அமெரிக்காவும் இயற்றிய சட்டங்களால்தான் ஏற்றுமதிக் கத்திகளில் 'ஜெர்மனி' என்பது பரவலானது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்குப் பிந்தையது. உள்நாட்டில் விற்ற கத்திகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், நாட்டின் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து மிகப் பழையது என்று சொல்லிவிட முடியாது.

இனி கடினமான பகுதி. தண்டில் உள்ள பெயர்கூட செய்தவருடையதாக இல்லாமல் விற்றவருடையதாக இருக்கலாம். 'டபுள் டக்' கத்திகள் நியூயார்க் இறக்குமதியாளர் ஒருவரின் வணிகப்பெயரில் விற்கப்பட்டவை, செய்யப்பட்டதோ ஜெர்மனியின் கத்தித் தொழில் நகரமான சோலிங்கனில். அந்த ஊரில் அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் வேறொருவர், கைப்பிடி பூட்டுபவர் மற்றொருவர் என்று வேலை பிரிந்தே நடந்ததாலும், ஒரே பட்டறையில் அடித்த அலகுகள் பல நிறுவனங்களுக்குச் சென்றதாலும், வடிவத்தை மட்டும் வைத்துத் தயாரிப்பாளரைச் சொல்வதை நான் ஏற்பதில்லை. கைப்பிடியும் பெட்டியும் இன்னும் பலவீனமான சான்றுகள். இரண்டையும் எளிதாக மாற்றிவிடலாம்.

பெயரைவிடப் படச்சின்னமே நம்பகமானது. மரம் என்றால் போக்கர், இரட்டையர் என்றால் ஹெங்கெல்ஸ் என்று சில உடனே பிடிபடும். மற்றவற்றைச் சோலிங்கன் வணிகச்சின்னப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். சின்னத்தின் படத்தை அளவுகோலோடு சேர்த்து எடுத்துவைத்தால், அவ்வூரின் கிரேஃப்ராத் பகுதியிலுள்ள ஜெர்மன் கத்தி அருங்காட்சியகம் போன்ற இடங்களில் விசாரிக்கவும் வசதியாக இருக்கும். சின்னமும் பெயரும் அழிந்து ஊர் மட்டுமே எஞ்சியிருந்தால், 'சோலிங்கன், தயாரிப்பாளர் தெரியவில்லை' என்றே குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.