முள் இல்லாத வாட்ச்சில் நாம் செய்யும் தவறுகள்

என்னிடம் இருப்பது ஜம்ப் ஹவர் வாட்ச். முள்ளே கிடையாது. டயலில் இரண்டு சின்ன ஜன்னல்கள். மேலே மணி, கீழே நிமிடம். உள்ளே சுழலும் தட்டுகளில் அச்சிட்ட எண்கள் அந்த ஜன்னல்களில் வந்து நிற்கும். 1970-களில் சுவிஸ் கம்பெனிகள் இந்த மாதிரி நிறைய விற்றன. பேட்டரி இல்லை, சாவி கொடுத்தால் ஓடும்.

ஏற்காடு ஏரிக்கரையில் டீ குடிக்கும்போது நண்பருக்கு அதைக் காட்டினேன். 4 மறைந்து 5 சட்டென்று வந்து உட்கார்ந்தது. இன்னொரு முறை பார்க்கலாம் என்று சாவிக் குமிழைப் பின்பக்கமாகத் திருப்பினேன். உள்ளே மெல்லிய ஒரு சத்தம். அதோடு மணித்தட்டு 4-க்கும் 5-க்கும் நடுவிலேயே நின்றுவிட்டது.

ஏன் என்று சேலத்தில் ஒரு வாட்ச் மெக்கானிக் பிரித்துக் காட்டினார். உள்ளே நத்தை ஓடு மாதிரி ஒரு சக்கரம். அதன் விளிம்பில் ஒரு நெம்புகோல் மணி முழுக்க மெதுவாக ஏறுகிறது. ஏற ஏற தலைமுடி போன்ற ஒரு ஸ்பிரிங் இறுகுகிறது. அறுபதாவது நிமிடத்தில் விளிம்பு முடிந்து செங்குத்தாக இறங்கிவிடும். நெம்புகோல் பொத்தென்று விழுந்து, மணித்தட்டின் அடியில் இருக்கும் நட்சத்திரச் சக்கரத்தை ஒரு பல் தள்ளும். பின்பக்கம் திருப்பினால் நெம்புகோலின் நுனி அந்தச் செங்குத்துச் சுவரில் போய் முட்டும். எனக்கு நுனி வளைந்திருந்தது. சில மாடல்களில் இதற்கும் வழி வைத்திருப்பார்கள். ஆனால் உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரியாத வாட்ச்சை முன்பக்கம் மட்டும் திருப்புங்கள். பத்து நிமிடம் தாண்டிப்போனால்கூட ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வருவதே நல்லது.

இதே அமைப்பால் வரும் இன்னொரு குழப்பம்: வாட்ச் 58, 59-ஆவது நிமிடத்தில் நின்றுபோகும். தட்டு சிக்கிக்கொண்டது என்று நினைத்து எல்லோரும் கையில் தட்டுவார்கள், உதறுவார்கள். தட்டாதீர்கள். அந்த ஸ்பிரிங் மிக அதிகமாக இறுகியிருக்கும் நேரம் அதுதான்; சாவி கொடுக்கும்போது இறுகி வாட்ச்சையே ஓட்டும் மெயின்ஸ்பிரிங்கில் பலம் குறைந்திருந்தால் வாட்ச் அங்கேதான் மூச்சு வாங்கும். முழுசாகச் சாவி கொடுத்துப் பாருங்கள். அப்படியும் நின்றால், ஆயில் காய்ந்துவிட்டது, சர்வீஸ் கேட்கிறது என்று பொருள்.

சேலத்துக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. செவ்வாய்ப்பேட்டை பக்கம் போனால் கொலுசுக்கு பாலிஷ் போடும் பட்டறைகள் இருக்கின்றன. பழைய வாட்ச்சையும் ஒரு தடவை பஃப் பிடித்தால் புதுசாகிவிடும் என்று கொடுத்துவிடாதீர்கள். கொலுசு முழுக்க வெள்ளி; தேய்ந்தாலும் உள்ளே வெள்ளிதான். அந்தக் கால வாட்ச் கூடுகள் பல, பித்தளைமேல் குரோம் பூசியவை. சக்கரத்தில் பிடித்த சில நொடிகளில் பூச்சு போய் மஞ்சள் பல்லிளிக்கும். கூடு ஸ்டீலாக இருந்தாலும் இழப்பு உண்டு. மேல்பக்கம் நேர்க்கோடுகளாகத் தீட்டியும் பக்கவாட்டைக் கண்ணாடியாகத் தேய்த்தும், இரண்டும் சேரும் இடத்தில் கத்திமுனைபோல ஒரு விளிம்பு விட்டிருப்பார்கள். முள்ளில்லாத வாட்ச்சுக்கு அழகே அந்த விளிம்புதான். ஒருமுறை மழுங்கினால் திரும்பாது. கீறலோடு இருக்கட்டும்.

சேலத்து வெயிலில் சூடான வாட்ச்சோடு ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்தில் இறங்கினால் சில சமயம் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படியும். ஈரம் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அரிசியில் போட்டு வைப்பது, வெயிலில் காய வைப்பது, குமிழை இழுத்துத் திறந்துவிடுவது எதுவும் வேண்டாம். ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து உலர்த்துங்கள். தள்ளிப்போட்டால் ஸ்டீல் பாகங்களில் துரு ஏறிவிடும்.

முள் இல்லாமல் நேரம் காட்டுவது இந்தக் காலத்துப் பகட்டு என்று நினைப்பதும் தவறு. 1650-களில் ரோமில் கம்பானி சகோதரர்கள், தூக்கம் வராத போப் ஏழாம் அலெக்சாண்டருக்காகச் சத்தமில்லாத இரவுக் கடிகாரம் செய்தார்கள். எண் ஒரு வளைவில் மெல்ல நகரும். பின்னால் விளக்கு எரியும். அந்த யோசனைதான் 1991-இல் ஓடமார் பிகே என்ற சுவிஸ் கம்பெனியின் ஸ்டார் வீல் வாட்ச் ஆனது, பிறகு ஊர்வெர்க் என்ற இன்னொரு சுவிஸ் கம்பெனியின் வாட்ச்களில் இன்னும் தூரம் போனது.

துல்லியம் பற்றி ஒரு வார்த்தை. நாளுக்குப் பத்து விநாடி பிசகினால் கோபப்படாதீர்கள். ஒரு நாளில் 86,400 விநாடிகள் இருக்கின்றன.

அப்புறம், பழசு வாங்கும்போது ஒரு மணி தாண்டுவதைப் பார்த்ததும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நட்சத்திரச் சக்கரத்துக்குப் பன்னிரண்டு பற்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருக்கலாம். கடையிலேயே நின்று, முன்பக்கமாக, நிதானமாக, பன்னிரண்டு மணியையும் தாண்டவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணும் ஜன்னலின் நடுவில் வந்து நிற்க வேண்டும்.