புதுத் தேனீக் கூட்டத்துக்கு குளிருக்கு முன்னாடி சர்க்கரைப் பாகு: எப்போ, எவ்ளோ, எப்படி

மே மாசம் நியூக்கோ (அடையோட வர்ற குட்டிக் கூட்டம்) பேக்கேஜோ (அடை இல்லாம ராணியும் தேனீயும் மட்டும்) வாங்கி பெட்டில விட்டவங்க நிறைய பேரு செப்டம்பர் கடைசில வந்து "எவ்ளோ சர்க்கரை குடுக்கணும்"னு கேக்குறாங்க. எவ்ளோன்றது கணக்கு போட்டா வந்துரும். எப்போன்றதுதான் விஷயமே, அது தப்பிட்டா மூட்டை மூட்டையா கரைச்சு ஊத்தினாலும் மார்ச்ல பெட்டியைத் திறந்தா கூட்டம் இருக்காது. நான் சொல்ற தேதியெல்லாம் கனடாவோட தெற்கு ஒண்டாரியோவுக்கு, அதாவது டொரன்டோ, மார்க்கம், குவெல்ஃப் சுத்துவட்டாரம். வின்னிபெக், எட்மன்டன் பக்கம் இருக்கறவங்க எல்லாத்தையும் இன்னும் முன்னாடியே முடிக்கணும்.

ஊர்ல பெட்டி வச்சுப் பழகினவங்களுக்கு இது கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். மார்த்தாண்டம் பக்கம் மழைக்காலத்துல பூ இல்லாதப்போ கொட்டாங்குச்சில சர்க்கரைத் தண்ணி ஊத்தி, தேனீ மூழ்காம இருக்க நாலு குச்சி போட்டு உள்ள வைப்பாங்க, அது அப்போதைக்குப் பசி தீர. இங்க நவம்பர் வந்துட்டா ஏப்ரல்ல வில்லோவும் மேப்பிளும் பூக்குற வரைக்கும் வெளிய ஒண்ணுமே கிடையாது. கூட்டம் மொத்தமும் உருண்டையா ஒட்டிக்கிட்டு உடம்பை நடுக்கி நடுக்கி சூடு உண்டாக்கிட்டு இருக்கும், அந்த சூட்டுக்கு வேண்டிய தேன் முன்கூட்டியே அடைல மூடி வச்சிருக்கணும். ரெண்டு டீப் (ஆழமான பெரிய) பெட்டில இருக்கற கூட்டத்துக்கு 27லேர்ந்து 40 கிலோ வரைக்கும் தேவைப்படும்.

பழைய கூட்டத்துக்கு கட்டின அடை கைல இருக்கு, கோல்டன்ராடும் ஆஸ்டரும் பூக்குறப்போ கொண்டு வந்து ரொப்பிக்கும். புதுசுக்கு அடையையே முதல்லேர்ந்து கட்டணும், மெழுகு சுரக்கவே தேன் நிறைய செலவாகும், அதனால ஆகஸ்ட் வரைக்கும் சேமிப்புன்னு பெருசா எதுவும் இருக்காது. அதனாலதான் முதல் வருஷம் தேன் எடுக்குற ஆசையை விட்ருங்கன்னு எல்லாருக்கும் சொல்றேன். நாம எடுக்குற தேனுக்கான மேல்பெட்டி வச்சிருக்கும்போது பாகு குடுக்கவும் கூடாது, அந்தப் பாகு தேனோட கலந்துச்சுன்னா அது கலப்படம்தான்.

ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கத்துல பெட்டியைத் திறந்து எத்தனை ஃப்ரேம்ல (அடை கட்டுற சட்டத்துல) அடை கட்டி முடிச்சிருக்குன்னு பாருங்க. பாதி ஃப்ரேம் இன்னும் வெறும் ஃபவுண்டேஷனா (அடை கட்ட வைக்கிற அடித்தகடா) இருந்தா அப்போ தண்ணிப் பாகு குடுக்கணும், 1 கிலோ சர்க்கரைக்கு 1 லிட்டர் தண்ணி. வெயில் இருக்கும்போது பாகு தொடர்ந்து வந்தா மடமடன்னு அடை கட்டும். செப்டம்பர் பாதிக்கு மேல கட்டவே தயங்கும், அடை இல்லாத பெட்டில நீங்க குடுக்குற பாகை அது எங்க கொண்டு போய் வைக்கும்?

இப்போ ரொம்ப முக்கியமான இடம். கோடைல பிறக்குற தேனீ ஆறு வாரம் இருந்தா பெருசு. ஆகஸ்ட் கடைசிலேர்ந்து செப்டம்பர் முழுக்க பிறக்குறது வேற ரகம், உடம்புல கொழுப்பும் புரதமும் சேர்த்து வச்சுக்கிட்டு அஞ்சு ஆறு மாசம் உயிரோட இருக்கும், குளிரைத் தாண்டப் போறது அதுங்கதான். அதுங்க பிறக்கணும்னா ராணிக்கு முட்டை வைக்க காலி அறை வேணும். கூட்டம் சின்னதா இருக்கேன்னு பயந்து ஆகஸ்ட் நடுவுலயே கெட்டிப் பாகை வாளி வாளியா வச்சீங்கன்னா புழு வளரவேண்டிய அறையெல்லாம் பாகால ரொம்பிடும், ராணி முட்டை வைக்க இடம் தேடிட்டு அலையும், பெட்டி நல்லா கனமா இருக்கும் ஆனா உள்ள குளிர்காலத் தேனீ இருக்காது. இது நடந்துருச்சான்னு நடு ஃப்ரேமை தூக்கிப் பாத்தாலே தெரிஞ்சுரும், புழு இருக்க வேண்டிய வட்டத்துல மூடாத பாகு பளபளன்னு நின்னா உடனே ஃபீடரை (பாகு வைக்கிற பாத்திரத்தை) எடுத்துடுங்க. அதனால கெட்டிப் பாகு செப்டம்பர் ரெண்டாவது வாரத்துக்கு மேலதான், அக்டோபர் முதல் வாரத்துக்குள்ள முடிச்சுடணும். அதுக்கு மேல 10 டிகிரிக்குக் கீழ போச்சுன்னா பாகைத் தொடாது, தொட்டாலும் தண்ணியை வத்த வச்சு மெழுகு மூட அவகாசம் இருக்காது, மூடாதது புளிச்சுப் போகும்.

கெட்டிப் பாகுன்னா 2 கிலோ சர்க்கரைக்கு 1 லிட்டர் தண்ணி. தண்ணியை நல்லா கொதிக்க வச்சு அடுப்பை அணைச்சுட்டு அப்புறம்தான் சர்க்கரையைக் கொட்டணும், கலக்கிட்டே இருந்தா முதல்ல வெள்ளையா கலங்கி இருந்தது கண்ணாடி மாதிரி தெளிஞ்சு வரும், அப்போ ஆச்சுன்னு அர்த்தம். சர்க்கரை போட்டதுக்கு அப்புறம் திரும்ப அடுப்புல வைக்காதீங்க, கருகி நிறம் மாறின பாகு தேனீக்கு விஷம். வெள்ளைச் சர்க்கரை மட்டும்தான். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டியெல்லாம் நமக்கு நல்லதா இருக்கலாம், தேனீக்குக் குடுத்துடாதீங்க ப்ளீஸ். குளிர்ல அது வெளிய பறந்து போய்த்தான் கழிக்கும், பெட்டிக்குள்ள கழிக்காது, வாரக்கணக்குல அடக்கி வச்சிருக்கும். செரிக்காத கசடு வயித்துல சேந்தா பேதியாகி உள்ளயே அசிங்கமாகி கூட்டமே நாசமாகும். கடைல வாங்குன தேனும் வேண்டாம், அமெரிக்கன் ஃபவுல்ப்ரூட்ங்கற புழு நோயோட வித்து தேன்ல பல வருஷம் உயிரோட இருக்கும்.

கணக்குக்கு வருவோம். ரெண்டு பக்கமும் முழுசா மூடின டீப் ஃப்ரேம் ஒண்ணுல ஏறக்குறைய 2.7 கிலோ தேன் இருக்கும். உங்க பெட்டில அந்த மாதிரி ஆறு ஃப்ரேம் தேறுதுன்னா 16 கிலோ. 30 கிலோ வேணும்னு வச்சா 14 கிலோ குறையுது, சர்க்கரையும் கிட்டத்தட்ட அதே கிலோதான் ஆகும். 14 கிலோ சர்க்கரை, 7 லிட்டர் தண்ணி, பாகு பதினஞ்சரை லிட்டர் சொச்சம் வரும். ஒரே நாள்ல எல்லாத்தையும் வைக்காம நாலு நாலு லிட்டரா குடுங்க, ஒவ்வொரு தடவையும் நடு ஃப்ரேமை ஒரு பார்வை பாத்துக்கிட்டு. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோட தேனீ ஆராய்ச்சி மையத்துல ஒத்தைப் பெட்டிலயே குளிரைத் தாண்ட வைக்கிறாங்க, கூட்டம் ஒரு பெட்டிக்குத்தான் காணும்னா அதுதான் நல்ல வழி, காலியா கிடக்குற மேல்பெட்டியை எடுத்துட்டு ஒண்ணை நெருக்கமா ரொப்புங்க.

ஃபீடர் பல விதம் இருக்கு, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு மூடில சின்ன ஓட்டை போட்ட வாளிதான் என் சாய்ஸ். விளிம்பு வரைக்கும் ஊத்தி மூடியை இறுக்கி, பெட்டிக்குத் தள்ளி வேற ஒரு பாத்திரத்து மேல கவுத்துப் பிடிங்க, கொஞ்ச நேரம் சொட்டிட்டு தானா நின்னுரும். நிக்கலைன்னா மூடி சரியா உக்காரலைன்னு அர்த்தம், அப்படியே உள்ள வச்சா கூட்டம் நனைஞ்சுடும். நின்னதுக்கு அப்புறம் இன்னர் கவர் (மூடிக்குக் கீழ இருக்கற உள்மூடி) ஓட்டை மேல கவுத்து வச்சு, சுத்தி ஒரு காலிப் பெட்டி, மேல மூடி. வாசல்ல வைக்கிற பாட்டில் ஃபீடர் இலையுதிர் காலத்துல வேண்டவே வேண்டாம், வெளிப்பூ குறைஞ்ச நேரத்துல அந்த வாசனைக்கு பக்கத்துப் பெட்டித் தேனீயும் மஞ்சக் குளவியும் வந்து கொள்ளையடிக்கும், புதுக் கூட்டத்தால காவல் காக்க முடியாது. வாசலை ரெண்டு விரல் அகலத்துக்குச் சுருக்குங்க, சாயங்காலம் குடுங்க, கீழ சிந்துனா தண்ணி ஊத்திக் கழுவிடுங்க.

தேனீ மேலயும் புழு மேலயும் ஒட்டி வாழற வாரோவா உண்ணியைக் கவனிக்காம குடுக்குற பாகு வீண். 2021-22 குளிர்ல கனடா முழுக்க 45 சதவீதத்துக்கு மேல கூட்டங்கள் போச்சு, அதுக்கு வாரோவாதான் பெரிய காரணமா சொல்லப்பட்டுச்சு. குளிர்காலத் தேனீ பிறக்குறதுக்கு முன்னாடியே, ஆகஸ்ட்ல உண்ணியை எண்ணிப் பாத்து மருந்து வைங்க. செப்டம்பர்லயும் நாலஞ்சு ஃப்ரேம் தேனீதான் இருக்குன்னா தனியா காப்பாத்தப் பாக்காம, நோய் இல்லன்னு உறுதி பண்ணிட்டு, ஒரு ராணியை எடுத்துட்டு, நடுவுல செய்தித்தாள் வச்சு இன்னொரு கூட்டத்தோட சேத்துடுங்க.

அக்டோபர் நடுவுல பின்பக்கமா ஒரு கையால பெட்டியைத் தூக்கிப் பாருங்க, சட்டுனு எழும்பக் கூடாது. லேசா இருந்தா இனிமே பாகு கிடையாது, கட்டிச் சர்க்கரைதான்: மேல் ஃப்ரேம் மேல செய்தித்தாள் விரிச்சு, கூட்டம் உக்காந்திருக்கற இடத்துக்கு நேர் மேல வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டி லேசா தண்ணி தெளிச்சு விடுங்க, ஃபாண்டன்ட் (கெட்டியான சர்க்கரைப் பசை) கட்டியும் வைக்கலாம். பிப்ரவரி, மார்ச்ல ராணி திரும்ப முட்டை வைக்க ஆரம்பிக்கும்போதுதான் தேன் சரசரன்னு குறையும், அதனால அப்போ ஒரு இதமான நாள் பாத்து மூடியை மட்டும் தூக்கி சர்க்கரை தீந்துருச்சான்னு பாத்து நிரப்பிட்டு உடனே மூடிடுங்க, ஃப்ரேமை வெளிய எடுக்காதீங்க.