மினசோட்டா கிராமத்துக்குக் குடிவருகிறீர்களா? வோட்டு விஷயத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

மினசோட்டாவின் சின்ன ஊர்களுக்கு டாக்டராகவோ, ஆசிரியராகவோ, இன்ஜினியராகவோ வந்து சேர்பவர்கள் முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடியுரிமை கைக்கு வரும்வரை வாக்காளர் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. க்ரீன் கார்டு இருந்தாலும் இதுதான் விதி. லைசென்ஸ் எடுக்கப் போன இடத்திலும், ஊர்த் திருவிழாவில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்களிடமும் அந்தப் படிவம் இருக்கும். "எனக்கு இன்னும் குடியுரிமை இல்லை" என்று சொன்னால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். படிக்காமல் 'ஆம்' என்று குறியிட்டால் அது குடியுரிமை பற்றிய பொய்யான உறுதிமொழி ஆகிவிடும். நாடுகடத்தல்வரை கொண்டுபோகக் கூடிய விஷயம் அது. பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா என்று நேரடியாகவே கேட்பார்கள்.

லைசென்ஸ் விண்ணப்பத்திலிருந்து தானாகவே பதிவாகும் முறைக்கு 2023இல் இங்கே சட்டம் வந்தது. ஆகவே குடியுரிமை இல்லாத உங்கள் பெயருக்கு வாக்காளர் அட்டை தபாலில் வந்தால் குப்பையில் போடாதீர்கள். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) ஆடிட்டர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பெயரை நீக்கச் சொல்லி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தேர்தல் நன்கொடையும் கவனிக்க வேண்டியதுதான். க்ரீன் கார்டுக்காரர் கொடுக்கலாம். எச்-1பி, ஜே-1 விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது.

இனி ஊரின் போக்கு. மாநிலத்தில் 87 கவுண்டிகள். 2008இல் ஒபாமா 42 கவுண்டிகளை வென்றார், 2012இல் 28. 2016இல் ஹிலாரிக்குக் கிடைத்தவை 9 மட்டுமே. 2020இல் பைடனுக்கு 13. அவ்வளவு வேகமாகக் கிராமப்புறம் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. (ஜனநாயகக் கட்சிக்கு இங்கே பெயர் டி.எஃப்.எல்.; விவசாயி, தொழிலாளி இரண்டும் அந்தப் பெயரிலேயே உண்டு.) ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரரை ஒரே நிறத்தில் பார்த்துவிடாதீர்கள். மேற்கு மினசோட்டாவில் டி.எஃப்.எல். எம்.பி. காலின் பீட்டர்சன் 1991 முதல் 30 ஆண்டு பதவியில் இருந்தார். 2016இல் அவரது தொகுதி டிரம்புக்குப் பெருவாரியாக வாக்களித்தது, அதே நாளில் அவரையும் ஜெயிக்க வைத்தது. நாடாளுமன்ற விவசாயக் குழுவில் அவருக்கிருந்த செல்வாக்கு சர்க்கரைப் பீட்ரூட் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். 2020இல்தான் தோற்றார்.

வாக்குப்பதிவில் இந்த மாநிலம் நாட்டின் முன்வரிசையில் நிற்கும். 2020இல் தகுதியுள்ளவர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். ஆனால் அதிபர் தேர்தல் இல்லாத 2022இல் அது சுமார் 61தான். ஸ்கூல் போர்டு, பள்ளி வரி என்று வரும்போது கூட்டம் இன்னும் மெலிந்துவிடும். உங்கள் பிள்ளையின் வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது அந்தச் சின்னத் தேர்தலில்தான் முடிவாகிறது. மார்ச் இரண்டாம் செவ்வாய்க்கிழமை டவுன்ஷிப் (கவுண்டிக்குள் இருக்கும் சிறு உள்ளாட்சிப் பிரிவு) ஆண்டுக் கூட்டம். சாலைக்கு, தீயணைப்புக்கு எவ்வளவு வரி என்பதை அங்கே வந்த வாக்காளர்களே நேரில் வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். பத்துப் பேர் வந்தால் பத்துப் பேர் முடிவுதான். குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கு கிடையாது, ஆனால் போய் உட்கார்ந்து கேட்கலாம். கட்டாயம் போங்கள்.

குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகு தாமதிக்காமல் பதிந்துகொள்ளுங்கள். தேர்தலுக்கு 20 நாளுக்கு முன் பதிவு முடியாவிட்டாலும் கவலை வேண்டாம். 1974 முதலே வாக்குச்சாவடியில் அன்றைக்கே பதியலாம். தற்போதைய முகவரியுள்ள மினசோட்டா லைசென்ஸ் போதும். பழைய முகவரி என்றால் கூடவே சமீபத்திய மின்கட்டணம் அல்லது இணையக் கட்டண ரசீது வேண்டும், போனில் காட்டினாலும் ஏற்பார்கள். கிராமத்தில் பலரும் சறுக்குவது தபால் பெட்டி எண்ணில். அது வீட்டு முகவரி ஆகாது.

பல டவுன்ஷிப்புகளிலும் 400 வாக்காளருக்குக் குறைவான ஊர்களிலும் சாவடிக்குப் பதிலாக வாக்குச்சீட்டு தபாலில் வீடு தேடி வரும். உறையில் சாட்சிக் கையெழுத்து வேண்டும். இன்னும் க்ரீன் கார்டில் இருக்கும் மனைவியோ கணவனோ சாட்சியாக முடியாது, குடியுரிமையுள்ள பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். லைசென்ஸ் எண்ணோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ, பதிவில் கொடுத்ததையே எழுதுங்கள். தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் சீட்டு போய்ச் சேர வேண்டும், தபால் முத்திரைத் தேதி கணக்கில் வராது.

சாவடிக்குப் போனால் பொத்தான் இயந்திரத்தைத் தேடாதீர்கள். காகிதச் சீட்டில் முட்டை வடிவக் கட்டத்தைப் பேனாவால் முழுக்க நிரப்பி, வருடி எண்ணும் இயந்திரத்தில் நுழைக்க வேண்டும். தப்பாக நிரப்பிவிட்டால் அடித்துத் திருத்தாமல் புதுச் சீட்டு கேளுங்கள், கொடுப்பார்கள். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். நீதிபதிகள், மண்-நீர்ப் பாதுகாப்பு வாரியம், ஸ்கூல் போர்டு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், கட்சிப் பெயரும் இருக்காது. மாநில அரசியல் சட்டத் திருத்தம் பற்றிய கேள்வி இருந்தால் வெறுமனே விட்டுவிடாதீர்கள். மினசோட்டாவில் காலியாக விட்டாலே 'வேண்டாம்' என்றுதான் கணக்கு. ஆகஸ்ட் பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) ஒரே கட்சியின் பத்தியில் நில்லுங்கள், இரண்டையும் கலந்தால் அந்தக் கட்சி வாக்குகள் செல்லாது.

தேர்தல் நாள் விடுமுறை இல்லை. ஆனால் வாக்களிக்கத் தேவையான நேரத்துக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் விட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். முந்தைய நாளே மேலாளரிடம் சொல்லி வையுங்கள்.